புளி தட்டுகிற பெண்ணின் இடது கை

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நால்வருக்கும்,

நீங்கள் முதலில் பார்த்து வரைய வேண்டிய படம் எது என்று முதலாளி காட்டியிருப்பார். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிற, புளி தட்டுகிற பெண். தரையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, வலது கையில் இரும்புத் துண்டும், இடது கையில் கல்லின்மேல் பிடித்த புளியம்பழமுமாக இருக்கிறாள். அந்தப் படம் அசல் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் வரைந்த காப்பி. நீங்கள் காப்பியைத்தான் காப்பி எடுக்கிறீர்கள்.

சென்ற வாரம் உங்களில் ஒருவர் அவளுடைய இடது ஆள்காட்டி விரலை நேராக்கி, நகத்துக்கு லேசாக ரோஸ் வைத்து முடித்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "அங்க பெயிண்ட் உரிஞ்சிருந்துச்சி சார், நானே சரி பண்ணிட்டேன்" என்றார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். கோபம் இல்லை. அதே விரலை அதே மாதிரி நேராக்கியவன் நான். அதைப் பற்றி நின்றுகொண்டே இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த மாதம் குப்பம் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓவிய ஆசிரியராகப் போகிறேன். ஓய்வு பெறுகிற வயது இல்லை. ஆனாலும் இந்த ஸ்டூலிலிருந்து எனக்கு ஓய்வுதான். போவதற்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நாகலாபுரம் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். புளி சீசனில் மண்டிக்காரர் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஊரில் இறக்குவார். ஓடு உடைத்து, பழத்தைக் கல்லில் வைத்துத் தட்டி, கொட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அம்மாவோடு அக்கா அந்த வேலைக்கு உட்கார்ந்தாள். நான் புத்தூரில் இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை, படித்தேன். படித்து முடித்ததும் புத்தூரிலேயே ஒரு போர்டு எழுதுகிறவரிடம் சேர்ந்தேன். சிமெண்டு விளம்பரம், விதை விளம்பரம், கட்சிக்காரர்களின் முகம். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். ஆள் எந்த நிறமாக இருந்தாலும் போர்டில் இரண்டு பங்கு வெளுப்பாக இருக்க வேண்டும். கறுப்பாகப் போட்டால் பணம் கொடுக்கிறவர் முகம் சுளிப்பார். இரண்டு வருடம் அதைச் செய்து என் கைக்கு அது பழக்கமாகிவிட்டது.

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் ஊர் முனைக்கே பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அக்கா காண்ட்ராக்டில் பேக்கிங் வேலைக்குப் போனாள். இன்டர் படித்தவர்களுக்கு மெஷின் லைனிலேயே வேலை கிடைக்கும் என்று சொன்னாள். நைனாவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? "எழுத்து எழுதி எத்தினி நாளைக்குடா வெயில்ல ஏணி மேல நிப்ப" என்பார். நானோ யாரிடமும் சொல்லாமல் திருப்பதிக்கு வந்து, இதே பட்டறையில், இதே படிக்கட்டில் நின்று வேலை கேட்டேன்.

அப்போது இங்கே வேலை குவிந்து கிடந்தது. ஊருக்கு நாலு பேர் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் அப்பா அம்மா போட்டோவைக் கொடுத்துப் பெரிய ஆயில் பெயிண்டிங்காகக் கேட்பார்கள். முதலாளி என் சிமெண்டு விளம்பர போட்டோக்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய படத்தைக் காட்டினார்.

"இது கார்வேட்டிநகரத்துல ஒரு பெரிய வீட்டுல இருந்து வந்திருக்கு. வீட்டை வித்தாச்சு. பொண்ணு அமெரிக்கா போவுது, ஒரிஜினலை எடுத்துக்கினு போவுது. அம்மா சித்தூர்ல அபார்ட்மென்ட்டுக்கு வருது. அந்தம்மாவுக்கு ஒரு காப்பி வேணும். நாலு வாரம் இங்க இருக்கும், அப்புறம் பாக்கிங்காரன் வந்து எடுத்துக்கினு போயிடுவான். நீ போடு. பிடிச்சா வெச்சுக்கறேன். பிடிக்கலன்னா ஊருக்கு பஸ் இருக்கு."

அந்த நான்கு வாரத்தில் நான் மூன்று தப்பு செய்தேன்.

முதல் தப்பு கட்டத்தில். அசலின் சட்டத்தில் ஆணி அடித்து நூல் கட்டிக் கட்டம் போட்டேன். நூல் படத்தின்மேல் ஒட்டாது, ஒரு விரல் அளவு முன்னால் நிற்கும். அதனால் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி கோடு மாறித் தெரியும். எனக்கு அது தெரியாது. சுவர் விளம்பரத்தில் கீழ்வரி எழுதிப் பழகியவன் ஆதலால் பாதி நேரம் தரையில் உட்கார்ந்தும், பாதி நேரம் நின்றும் வரைந்தேன். நான்காவது நாள் பார்த்தால் அவளுக்குக் கொக்குக் கழுத்து. முதலாளி அந்த வழியாகப் போனவர், "என்ன, இவ மரத்துல இருந்தே புளி பறிப்பாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாவற்றையும் துடைத்து, ஒரே ஸ்டூலில் ஒரே உயரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக மறுபடி வரைந்தேன். பிறகு அதன்மேல் அம்பர் என்கிற மண்பழுப்பு வண்ணத்தில் கோடு போட்டேன். இந்த இரண்டாவது முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது தப்பு நிறத்தில். பழைய படத்தின்மேல் பூசிய வார்னிஷ் வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். அந்தப் பெரிய வீட்டில் விளக்குப் புகையும் சேர்ந்திருந்தது. நான் அந்த மஞ்சளை அப்படியே கலந்து போட்டேன். அவளுடைய வெள்ளை ரவிக்கைகூட எனக்கு நெய் நிறத்தில் வந்தது. முதலாளி ஒரு துணியில் எச்சிலைத் தொட்டு அசலின் மூலையில் லேசாகத் தேய்த்துக் காட்டினார். (நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அவரும் இப்போது செய்வதில்லை.) அங்கே சின்னதாக ஒரு நீலம் தெரிந்தது.

"பாத்தியா? இதை வரைஞ்சவன் மஞ்சளா வரையல. நீ படத்தைக் காப்பி பண்றியா, பழசைக் காப்பி பண்றியா?"

அந்த வார்த்தை எனக்குள் நன்றாகப் பதிந்தது. கொஞ்சம் அதிகமாகவே பதிந்துவிட்டது. மூன்றாவது தப்பு அதிலிருந்துதான் வந்தது.

மூன்றாவது வாரம் கைக்கு வந்தேன். வலது கை சுலபம், நிழலில் இருக்கிறது. இடது கைமேல்தான் வெளிச்சம் முழுவதும் விழுகிறது. அசலில் ஆள்காட்டி விரலின் நுனி தட்டையாக, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நகம் கறுத்து, பாதி மடங்கி இருந்தது.

இதை நான் உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. அது என்ன என்று எனக்குத் தெரியும். புளி தட்டுகிற கை எனக்குத் தெரியாதா? இடது கை பழத்தைப் பிடிக்கும், வலது கை இரும்பால் தட்டும். மூட்டை மூட்டையாகத் தட்டும்போது ஒரு அடி பழத்தில் விழாமல் விரலில் விழும். ஆறின புண்மேல் அடுத்த சீசன் இன்னொரு அடி விழும். எங்கள் வீட்டில் சோறு போட்ட கை அது.

தெரிந்தும், 'இது பழசால் வந்த அழுக்கு' என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முதலாளிதானே பழசைக் காப்பி பண்ணாதே என்றார்? உள்ளே வேறொன்றும் இருந்தது. இவ்வளவு அழகான படத்தில், இத்தனை வெளிச்சத்தில், அந்த விரலை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் ஆட்களுக்கு நான் மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். விரலை நேராக்கினேன். நகத்தைச் சுத்தமாக்கி, நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம் வைத்தேன். புத்தூரில் பழகிய கை, தோலையும் இரண்டு பங்கு வெளுப்பாக்கியது.

அந்தக் கைதான் எல்லோருக்கும் பிடித்தது. முதலாளி தூரத்தில் நின்று பார்த்து, "பாகா உந்தி" என்றார். அவர் வாயில் நன்றாக இருக்கிறது என்று வருவது வருடத்துக்கு இரண்டு தடவை. வெள்ளிக்கிழமை படத்துக்குச் சொந்தக்காரப் பெண் வந்தார். மேடம் என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். போனில் பேசிக்கொண்டே படியேறி வந்தவர், என் கேன்வாஸைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். "ஒரிஜினலைவிட நல்லா இருக்கே! அதுல கை ஒரு மாதிரி கெட்டுப்போயிருக்கும். இது எவ்ளோ லட்சணமா இருக்கு" என்றார். புதன்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அவர் போன பிறகு முதலாளி என்னிடம், "புதன்கிழமை இது நல்லபடியா போவட்டும். வியாழக்கிழமை உனக்கு ஒரு ஸ்டூல் போடறேன்" என்றார்.

எனக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். நான் திருப்பதியில் இருப்பது எப்படியோ வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. வாராந்திர லீவு நாளில், கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். பட்டறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"இன்னாடா மூஞ்சி வத்திப் போயி கீது? துன்றியா இல்லியா?"

"துன்றேன்க்கா."

"பொய்யி. இந்தா, டப்பால கறி கீது. நைனா கோழி அறுத்தாரு. உம்மேல கோவம்னு சொல்லிக்கினே அறுத்தாரு."

நான் சாப்பிடும்போது பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து எதிரில் வைத்தாள். "நாளைக்கு ஆள் எடுக்கறாங்க. காலைல எட்டு மணிக்கு கேட்டாண்ட வந்து நில்லு. மார்க்லிஸ்ட்டு ஜெராக்ஸு நானே எடுத்தாந்துட்டேன். சூப்பர்வைசராண்ட சொல்லி வெச்சிக்கிறேன், எங்க தம்பி இன்டர் பாஸுன்னு. அந்தாளு தலையாட்டறதுக்கு நான் ரெண்டு மாசம் அவருக்கு வணக்கம் போட்டுக்கினு கீறேன்."

"அக்கா, புதன்கிழமை இங்க..."

"புதங்கெழம புதங்கெழமயா வரும்டா. கம்பெனி தெனம் ஆள் எடுக்காது."

அப்புறம் எழுந்து போய்ப் படங்களின் முன்னால் நின்றாள். அசலும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"எதுடா நீ போட்டது?"

காட்டினேன்.

"யம்மா! பொடவ மடிப்பு தொட்டா வர்றாப்பல கீது. நெசமாவே நீதான் போட்டியா?" கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவ இன்னா பண்றா?"

"தெர்லியா? புளி தட்றா."

"இவளா? தட்டல."

"இன்னாக்கா சொல்ற?"

"புளியக் கைல குடுத்து, போட்டோவுக்குக் குந்த வெச்சாப்பல கீறா. இந்தக் கை ஒரு கொட்ட எடுத்ததில்ல." பிறகு அசலைக் காட்டினாள். "தோ, இவ தட்டிக்கிறா. ரெண்டு மூணு சீசன் இல்ல, பத்து சீசன் தட்டிக்கிறா. வெரலப் பாரு."

தன் இடது கையைத் தூக்கி அசலின் பக்கத்தில் வைத்தாள். அதே தட்டை நுனி. அதே பக்கம் சாய்ந்த நகம்.

"பாக்க நல்லா இருக்கட்டும்னு..." என்று இழுத்தேன்.

அக்கா சிரித்தாள். கேலிதான், கோபமில்லை. "கம்பெனில எடுக்கும்போது எங்கள வரிசையா நிக்க வெச்சி, கைய நீட்டுன்னாங்க. பொடி சாமானு எடுத்து வெக்கணும் இல்ல, வெரலு நல்லா கீதான்னு பாக்க. எல்லாரும் நீட்டனாங்க. நானும் நீட்டனேன். இந்த வெரல மட்டும் மடக்கிக்கினேன்." மடக்கிக் காட்டினாள். "அந்தாளு பாக்கல. வேல கெடச்சிச்சி. நான் மடக்கிக்கினேன், நீ நேராக்கிட்ட. ரெண்டும் ஒண்ணுதான். உடு, யாருக்குத் தெரியப் போவுது? கையெழுத்து போடு."

போட்டேன். உண்மையில் போட்டேன். அவளை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "எட்டு மணிடா, மறந்துடாத" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

பட்டறைக்குத் திரும்பி வரும்போது மணி நாலு இருக்கும். வெளிச்சம் நன்றாக இருந்தது. இரண்டு படத்தையும் பார்த்தபடி உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் அவசரத்தில் முடிவெடுக்க வேண்டிய நேரம் பல தடவை வரும். அப்போதெல்லாம் யாரும் மேலே நின்று பயமுறுத்துவதில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நமக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கையைத் தொடாமல் விட்டால் வியாழக்கிழமை எனக்கு ஸ்டூல். தொட்டால் புதன்கிழமைக்குள் காயாது. ஒருவேளை கெட்டும் போகலாம். முதலாளி துரத்துவார். அப்போது கம்பெனி வேலையும் இருக்காது. காலை எட்டு மணிக்கு கேட்டில் நிற்க வேண்டும் என்றால் இப்போதே ஊருக்கு பஸ் ஏற வேண்டும். தொட்டால் போக முடியாது.

பேலட் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். வீரமாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். கத்தி வழுக்கி மணிக்கட்டுப் பக்கம் தேவையில்லாமல் ஒரு கீறலும் விழுந்தது. மேல்வண்ணம் தோல் மாதிரி கட்டியிருந்தது, அடியில் இன்னும் ஈரம். உரித்துவிட்டு டர்பன்டைன் துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அடியிலிருந்து முதலில் போட்ட அம்பர் கோடு தெரிந்தது. அது நன்றாகக் காய்ந்திருந்ததால் போகவில்லை.

அந்தக் கோட்டில் விரல் கோணலாக இருந்தது.

ஸ்டூலில் ஒரே உயரத்தில் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக வரைந்தேன் என்று சொன்னேனே, அப்போது போட்டது. அன்றைக்கு நான் விரல் என்று நினைத்து வரையவில்லை, புளி என்றோ பெண் என்றோ நினைக்கவில்லை. கட்டத்துக்குள் கோடு எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன். அன்றைக்குச் சரியாகப் பார்த்திருக்கிறேன். யாருடைய கை என்று யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் நேராக்கியிருக்கிறேன்.

அந்தக் கோட்டை விட்டு விலகாமல், மறுநாள் விடிந்ததும் மறுபடி வரைய ஆரம்பித்தேன். இந்தத் தடவை அசலைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த நகத்துக்கு அதை வரைந்தவர் நாலு தொடுதல்தான் வைத்திருக்கிறார். ஊதா கலந்த சாம்பல் இரண்டு, மங்கின மஞ்சள் ஒன்று, மடிந்த இடத்தில் கூர்மையாக ஒரு வெளிச்சம். பெயர் தெரியாத அந்த ஓவியர் அந்த வெளிச்சத்தை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார். படத்திலேயே பளிச்சென்று இருக்கிற இடம் அதுதான். அதைத்தான் நான் அழுக்கு என்றிருக்கிறேன்.

முதலாளி பத்து மணிக்கு வந்தார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் மறந்துவிடும்.

"ஒரேய்! ஏமி சேசாவ்ரா!" என்று கத்தினார். என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று. பிறகு தமிழ் திரும்பி வந்தது. "மேடம் பாஸ் பண்ணிட்டுப் போன கைடா அது! பைத்தியமா உனக்கு?"

நான் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் அசலைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு படுகிற மாதிரி பார்த்தார்.

"முப்பது வருசமா புளிக்குழம்பு சாப்பிடறேன்," என்றார் கடைசியில். "இந்தக் கையைப் பாத்ததில்ல." படத்தை இறக்கி வைத்தார். "புதன்கிழமைக்குள்ள காயுமா?"

"காயாது."

"தெரிஞ்சேதான் சுரண்டினியா?"

"தெரிஞ்சேதான்."

"அப்ப என்னைக் கேட்டுட்டுச் சுரண்டியிருக்கணும். கடை என்னுது."

அவர் சொன்னது சரி. கையைச் சுரண்டியது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு போன் கூடச் செய்யாமல் சுரண்டியது தப்பு. நீங்கள் எதைச் சுரண்டினாலும் கேட்டுவிட்டுச் சுரண்டுங்கள். இன்னொருவரையும் நான் கேட்கவில்லை. அன்று காலை கம்பெனி கேட்டில் ஒன்பதரை வரை நின்றுவிட்டு, அரை நாள் போய்விட்டது என்று பேச்சு வாங்கிக்கொண்டு அக்கா உள்ளே போயிருக்கிறாள். இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

புதன்கிழமை மேடம், அவருடைய அம்மா, பேக்கிங்காரர் மூன்று பேரும் வந்தார்கள். கை இன்னும் பளபளவென்று ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் மேடத்தின் முகம் மாறியது.

"இது என்னங்க? வெள்ளிக்கிழமை நல்லா இருந்ததே?"

முதலாளி அசலைக் காட்டினார். "ஒரிஜினல்ல இப்படித்தான் மேடம் இருக்கு."

"ஒரிஜினல் டேமேஜ் ஆகியிருக்கு. டேமேஜைப் போயி யாராவது காப்பி பண்ணுவாங்களா?"

"டேமேஜ் இல்ல மேடம், புளி தட்டற பொம்பளைங்க கை..."

"எங்கம்மா தினம் பாக்கப் போறாங்க. காலைல எழுந்ததும் அழுக்கு நகத்தைப் பாக்கணுமா?"

அந்த அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் படத்தின் எதிரில் சாப்பிட்டவர் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தம்மா என் கேன்வாஸுக்குக் கிட்டே வந்து, தொடாமல், ஈரத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி விரலால் அந்த விரலைக் காட்டினார். அவள் கை இதுதான் என்று தெலுங்கில் மெல்லச் சொன்னார். மேடம் அதற்குள் போனை எடுத்து வெள்ளிக்கிழமை என் படத்தை எடுத்த போட்டோவை முதலாளியிடம் காட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, நீ சும்மா இரும்மா. எனக்கு இந்தக் கைதான் வேணும்." அம்மா படத்தை விட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அசலைத் துணியில் சுற்றி, அட்டை வைத்து, மரச்சட்டத்தில் ஆணி அடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் இன்னொரு காப்பி, அந்த போட்டோவில் இருக்கிற கையோடு, சித்தூருக்கு அனுப்புவதாக முதலாளி ஒத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் நான் பையைக் கட்டினேன். முதலாளி என் ஈரப் படத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், இப்போது இருக்கிற அதே ஆணியில் மாட்டினார்.

"எங்க கிளம்பிட்ட? இன்னொண்ணு போடணும் இல்ல? ஒரிஜினல் போயிடுச்சி, இனிமே இதைப் பாத்துத்தான் போடணும். கை மட்டும் அவங்க கேட்ட மாதிரி போடு."

"அந்தக் கையா சார்?"

"அவங்க வீட்டுச் சுவர், அவங்க கேட்ட கை. இது என் சுவர்."

போட்டேன். அதே அழகான கையை இரண்டாவது தடவை போட்டேன். முதல் தடவை இரண்டு நாளில் முடித்தது, இந்தத் தடவை ஐந்து நாள் பிடித்தது. முதல் தடவை என்ன செய்கிறேன் என்று தெரியாத மாதிரி இருந்துகொண்டு செய்தேன். இந்தத் தடவை தெரிந்து செய்தேன். கேட்டதைக் கொடுப்பது நம் தொழிலில் பாதி. உங்களுக்கும் அப்படிப் போட வேண்டி வரும், போடுங்கள். கேட்டவர் யார் என்று மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். யாரும் கேட்காதபோது நீங்களாக நேராக்காதீர்கள்.

ஸ்டூல் வியாழக்கிழமை வரவில்லை. சித்தூர்ப் படம் போன பிறகு வந்தது. இப்போது நான் உட்கார்ந்து எழுதுகிறேனே, அதுதான்.

அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் முதலாளி இருக்கும்போதே வந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் அவரிடம், "சார், எந்தம்பி வெச்சிக்கிற மாதிரி கீறானா, அனுப்பற மாதிரி கீறானா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார்.

அக்கா படத்தின் முன்னால் நின்றாள். படம் காய்ந்திருந்தது. இடது கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். விரலை மடக்கவில்லை. திருப்பித் திருப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"கோணல் கொஞ்சம் கம்மியா கீதுடா," என்றாள்.

அவள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். நான் திருத்தவில்லை. அசல் போய்விட்டது, எதைப் பார்த்துத் திருத்துவது? அதனால் நீங்கள் பார்த்து வரைகிற விரலில் கோணல் கொஞ்சம் கம்மி என்று தெரிந்துகொண்டே வரையுங்கள்.

விரலை நேராக்கியவருக்கு ஒரு வார்த்தை. அதைச் சுரண்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும், சாவி கீழே டயர் கடையில் இருக்கும். உங்கள் வீட்டில் கையால் வேலை செய்கிற யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நீங்கள் போட்டது என்று சொல்லாமல் நில்லுங்கள். கத்தி மேஜையின் இடது இழுப்பறையில் இருக்கிறது.